இருக்கைச் சட்டம்: ஒரு வாசிப்பு

முதுகலை இரண்டாமாண்டில் ஒரு மாணவி எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். திங்கட்கிழமை முதல் வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் பெஞ்சின் அடிக்கட்டையில் கால்களைத் தூக்கி வைத்திருப்பாள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கண்டித்தேன். "இது வகுப்பறை, காலைக் கீழே இறக்கு" என்றேன். இறக்கிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை துணிக்கடைக்குப் போறேன் மேம். பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். மறுநாள் காலைத் தொங்கப் போட்டா வீங்கிடுது."

"கடையில உட்கார ஸ்டூல் இல்லையா? அதுக்குச் சட்டமே இருக்கே" என்றேன். எனக்குச் சட்டம் தெரியும் என்பதில் ஒரு பெருமிதம் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"இருக்கு மேம். அதுமேல சேலை அடுக்கி வச்சிருக்காங்க."

அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அந்தச் சட்டத்தை முதல்முறையாக முழுதாக வாசித்தேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. தமிழ் படித்தவள். ஒரு பனுவலை எடுத்துச் சொல் சொல்லாகப் பார்ப்பதுதான் என் தொழில். செய்யுளில் எழுவாய் எங்கே இருக்கிறது, வினையை யார் செய்கிறார்கள், எந்தச் சொல் இடத்தை அடைக்க வந்தது, எந்தச் சொல் விடப்பட்டது என்று கேட்பதற்கு இருபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறேன். அதே கேள்விகளை ஒரு சட்டப் பிரிவிடம் கேட்டால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரை.

1

2021 செப்டம்பர் 6 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. 22-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்ப்பதே அதன் வேலை. பிரிவு முழுவதும் ஒரே வாக்கியம். அதன் சாரம் இது: ஒவ்வொரு நிறுவனத்தின் வளாகத்திலும் பணியாளர்கள் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலையினூடே உட்காருவதற்கு ஏற்படக்கூடிய வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும், வேலை நேரம் முழுதும் நின்றுகொண்டே இருப்பதைத் தவிர்க்கவும் அது உதவ வேண்டும்.

நல்ல சட்டம். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நாள் முழுதும் நிற்க வைப்பதால் கடைப் பணியாளர்களின் உடல்நலம் கெடுகிறது என்று அரசு மசோதாவின் நோக்க உரையில் ஒப்புக்கொண்டது. நிற்பது வேலையின் இயல்பு என்றும், வாடிக்கையாளருக்குத் தரும் மரியாதை என்றும் சொல்லப்பட்டு வந்த ஒன்று, முதல்முறையாகத் தீங்கு என்று எழுத்தில் பதிந்தது.

ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவில் இருக்கிறது 'வாய்ப்பு' என்ற சொல். உட்காரும் வாய்ப்பு ஏற்படலாம். யார் ஏற்படுத்துவார்கள்? வாக்கியத்தில் அதற்கு எழுவாய் இல்லை. மழை பெய்வதைப் போல, மாமரம் பூப்பதைப் போல, வாய்ப்பு தானாக ஏற்படும். நாற்காலி போடுவது முதலாளியின் கடமை. அதில் உட்காரும் நேரம் யாருடைய கடமையும் அல்ல. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, ஆடித் தள்ளுபடி, முகூர்த்த மாதம் என்று கூட்டம் குறையாத நாளில் வாய்ப்பு ஏற்படவே இல்லை என்றால், சட்டம் மீறப்படவும் இல்லை. ஸ்டூல் அங்கேதான் இருக்கிறது, சேலையைச் சுமந்துகொண்டு.

இந்த வாக்கியம் 2021இல் பிறந்ததும் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவு இதன் மூத்த அக்கா. நின்றே வேலை செய்ய நேர்ந்த தொழிலாளர்களுக்கு, வேலையினூடே ஏற்படக்கூடிய ஓய்வு வாய்ப்புகளைப் பயன்படுத்த இருக்கை வேண்டும் என்று அதுவும் சொன்னது. தொழிற்சாலையிலிருந்து தமிழ்நாட்டின் துணிக்கடைக்கு வந்து சேர அந்த வாக்கியத்துக்கு 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வரும் வழியில் ஒன்றைத் தொலைத்தும் இருக்கிறது.

44ஆம் பிரிவுக்கு இரண்டாவது உட்பிரிவு ஒன்று இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேலையை உட்கார்ந்தபடியே திறம்படச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அதற்கேற்ற இருக்கைகளைக் குறித்த தேதிக்குள் போட வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்றது. இந்த உட்பிரிவு கேட்பது வேறு கேள்வி. வேலைக்கு நடுவே எப்போது உட்காரலாம் என்று அது கேட்கவில்லை. இந்த வேலைக்கு நிற்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறது. நகைக்கடைக் கண்ணாடி மேசைக்குப் பின்னால், பில் போடும் இடத்தில், மருந்துக்கடையில், அளவு குறிக்கும் இடத்தில் இதே கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடலாம். 22-ஏ அந்தக் கேள்வியைக் கொண்டுவரவில்லை. உட்காருவதை ஓய்வாக மட்டுமே அது அறியும். வேலை செய்யும் ஒரு நிலையாக அறியாது.

2

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் பெண்கள் இருக்கிறார்கள். வாக்கியத்துக்குள் இல்லை.

1899இல் பிரிட்டனில் கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தபோது, மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதினார்கள். அது அப்போது நம்மையும் ஆண்ட நாடு. அங்கே விக்டோரியா காலத்துக் கடைப்பெண்ணுக்குக் கிடைத்தது. இங்கே அவள் கொள்ளுப்பேத்தி வயதுடைய பெண்ணுக்குத்தான் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் உள்ளுணர்வு தாய்மை பற்றியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவளுடைய காலைவிட, அவள் பெறப்போகும் பிள்ளையைப் பற்றிய கவலை அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகளுக்கு அதிகம்.

நமக்குப் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி, தன்னைப் போன்ற கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். அவர்களுடைய முதல் கோரிக்கை நாற்காலி இல்லை, கழிவறை. கடையில் கழிவறை கிடையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள் அவர்கள். கழிவறையிலிருந்து இருக்கைக்கு அவர்கள் வந்து சேர்ந்த வழி, உடலின் வழி. 'இரிக்கல் சமரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உட்காரும் போராட்டம். சங்கமே இல்லாத இடத்தில், ஆண்களின் சங்கங்கள் பொருட்படுத்தாத ஒரு வலியை வைத்து, அவர்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டின் திருத்தம் மூன்றாண்டு கழித்து வந்தது.

நம் மசோதாவின் நோக்க உரை வேறொரு பிறப்புக் கதையைச் சொல்கிறது. 2019 செப்டம்பர் 4 அன்று மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவின் கூட்டத்தில் வைக்கப்பட்டது, உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றார்கள். ஒரு கூட்டம், ஒரு தேதி, ஒருமனம். மிட்டாய்த் தெரு அதில் இல்லை. தண்ணீர் குடிக்காமல் நின்ற நாட்கள் இல்லை.

'பணியாளர்கள் அனைவரும்' என்று பால் வேறுபாடில்லாமல் எழுதியது சரிதான். ஆண்களின் காலிலும்தான் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. பெண்ணுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், "பொம்பளைங்களை வேலைக்கு வச்சா நாற்காலி போடணும்" என்று சொல்லி வேலையையே மறுத்திருப்பார்கள். ஆகவே அந்த 'அனைவரும்' என்ற சொல்லை நான் மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் மாதவிடாயின் இரண்டாம் நாளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவளும் அந்த 'அனைவரு'க்குள்தான் நிற்கிறாள் என்பதை, வாசிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சட்டம் நினைவில் வைக்கவில்லை.

3

சட்டம் பேசுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே இந்தக் கால்களைப் பற்றித் தமிழில் ஒரு படம் பேசியது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது. ரங்கநாதன் தெருவின் விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக்கூடத்தையும் தங்குமிடத்தையும் நடுத்தர வர்க்கத்துக்குக் காட்டிய படம். கனியின் மீது மேற்பார்வையாளன் கைவைப்பதையும், அதை அவள் ஏன் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்லுமிடத்தையும் இன்றும் என்னால் கண்ணை விலக்காமல் பார்க்க முடியாது. பெண்ணின் நிற்றலும் அவள்மீது விழும் கையும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் முடிவில் என்ன செய்கிறது? சாலை விபத்தில் கனி கால்களை இழக்கிறாள். அதன்பிறகும் காதலன் அவளை ஏற்கிறான். படம் முழுதும் நின்றவளுக்குக் கதை கொடுத்த ஓய்வு அதுதான். கால்களின் வலியை ஒரு தொழிலாளர் கேள்வியாகத் தொடங்கி, ஆணின் அன்புக்கு வைத்த சோதனையாக முடித்துவிட்டது. திரையரங்கில் நாம் அழுதது கனிக்காகவா, அவளை விட்டுப்போகாத அவனுக்காகவா என்று என் வகுப்பில் கேட்பேன். மாணவர்கள் சற்று நேரம் பேசமாட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட முடியாது. நானும் ஒரு துணிக்கடைப் பெண்ணைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். என் இரண்டாவது தொகுப்பில் இருக்கிறது. நின்று நின்று அவள் பாதங்கள் வேர்விட்டுக் கடைக்குள் ஒரு மரமாகிவிடுவதாக அதில் வரும். மேடைகளில் வாசித்திருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கடைசி பெஞ்சு மாணவியிடம் அதைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாள்.

"நல்லாருக்கு மேம். ஆனா மரத்துக்கு வலிக்காதுல்ல?"

என் கவிதைக்கு வந்த விமர்சனங்களில் இதைவிடச் சரியானது எதுவும் இல்லை. வலியை அழகாக்கியதில், வலி கொடுத்தவனைக் கவிதைக்கு வெளியே அனுப்பியிருந்தேன். மரமாவது இயற்கை. அதற்கு முதலாளி தேவையில்லை. 22-ஏ தன் 'வாய்ப்பு' என்ற சொல்லில் செய்ததை, என் கவிதை தன் 'வேர்' என்ற சொல்லில் செய்திருந்தது. இரண்டிலும் எழுவாய் காணோம்.

4

தமிழில் 'இரு' என்ற வினைக்கு உட்கார் என்றும் பொருள், உயிரோடு இரு என்றும் பொருள், காத்திரு என்றும் பொருள். அதிலிருந்து வந்ததுதான் இருக்கை. கடைக்காரர்கள் நாள்தோறும் எண்ணும் சரக்கிருப்பும் அதிலிருந்து வந்ததுதான். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என்று முதல் பருவத்திலேயே பாடம் நடத்துகிறேன். வினைமேற் சென்ற தலைவன் திரும்பும்வரை தலைவி வீட்டில் ஆற்றியிருக்க வேண்டும். அவன் வெளியே போனான், அவள் இருந்தாள். இருத்தல் அவள் கற்பு. இப்போது அவளே வினைமேற் செல்கிறாள். தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பேருந்து ஏறிச் சென்னைக்கு வருகிறாள். வீட்டில் இருக்கச் சொல்லி வலியுறுத்திய அதே சமூகம், வேலைக்கு வந்த இடத்தில் அவளை ஒரு நிமிடம் இருக்கவிடவில்லை.

யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நமக்குப் பழைய கணக்கு. திண்ணையிலும் கட்டிலிலும் யார் உட்காரலாம், பண்ணையார் வரும்போது யார் எழ வேண்டும் என்பதில் சாதி தன்னைத் தினமும் புதுப்பித்துக்கொண்டது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஊராட்சி மன்றத் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த புகைப்படத்தை நாடே பார்த்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பதவி கொடுத்தது சட்டம். நாற்காலியைக் கொடுக்காதது ஊர். எனவே இருக்கை என்பதை வெறும் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. குளிரூட்டிய கடைக்குள் சீருடை போட்டு நிற்பவளிடம் எதிர்பார்க்கப்படும் பணிவில், பண்ணையின் பணிவு கலந்திருக்கிறது. நாம் அதற்கு 'நல்ல சர்வீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

5

'வாய்ப்பு' போலவே பார்க்க வேண்டிய இன்னொரு சொல் 'சம்மதம்'.

2019இல் தமிழ்நாடு அரசு, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, எழுத்துபூர்வமான சம்மதம் பெற்று உரிய பாதுகாப்போடு வாங்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும், பெண்கள் சம்மதித்தால் மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் வேலை செய்யலாம் என்கிறது.

இரவுப் பணித் தடையை நான் ஆதரிக்கவில்லை. பெண்களை இரவில் ஆலைக்குள் விடாத தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. பாதுகாப்பின் பெயரால் வேலையைப் பறிப்பது பாதுகாப்பு ஆகாது. ஆனால் சம்மதம் என்ற சொல்லை இந்த நாட்டுப் பெண்ணுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையில் "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. சம்மதிக்க மறுத்த பிறகும் அதே வேலையும் அதே சம்பளமும் தொடரும் என்ற உறுதி இருந்தால்தான் சம்மதத்துக்கு அர்த்தம்.

"நீ எழுதிக் கொடுத்தியா?" என்று மாணவியைக் கேட்டேன்.

"சேரும்போதே நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க மேம். அதுல இருக்கும்."

அதில் இருக்கும். இருத்தலின் இன்னொரு பொருள்.

எதிர்ப்பு வேலைக்காகாது என்று சொல்லிவிட முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்தம், சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆலைக்குச் சங்கம் இருந்தது. ஞாயிறு மட்டும் நிற்கும் மாணவிக்கு இல்லை.

6

போன மாதம் அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். முப்பது சேலையாவது பிரித்துக் காட்டியிருப்பார் அந்தப் பெண். என்னைவிடச் சற்று இளையவர். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். நான் மெத்தை இருக்கையில் இருந்தேன். எல்லாக் கடைகளிலும் எனக்குத் தவறாமல் இருக்கை இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலும் இருந்தது, காலியாகவே.

"உட்கார்ந்துட்டே காட்டுங்களேன்ம்மா" என்றேன்.

"வேணாம்க்கா" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேமரா இருக்கு" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. என் நல்ல மனதைக் காட்டிக்கொள்ளும் செலவை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கசப்பான ஒன்றும் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நான் நுழைந்தபோது, உட்கார்ந்திருந்த ஒரு பெண் உடனே எழவில்லை. 'என்ன அலட்சியம்' என்று நினைத்து அடுத்த கடைக்குப் போனேன். 'வாய்ப்பு' என்ற சொல்லுக்குக் காணாமல் போன எழுவாயைத் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா? அதில் ஒரு பங்கு நான்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரமே அவளுக்கு வாய்ப்பு என்றால், நான் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்த வாய்ப்பு முடிகிறது.

இந்தப் பருவத்தில் வகுப்புப் பயிற்சியாக 22-ஏ பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்து, அவரவர் திருத்தி எழுதச் சொன்னேன். ஒருத்தி 'வாய்ப்பு' என்பதை அடித்துவிட்டு 'மணிக்குப் பத்து நிமிடம்' என்று எழுதினாள். ஒருவன் 'தகுந்த இருக்கை' என்பதற்குப் பின் 'அதன்மேல் சரக்கு வைக்கக் கூடாது' என்று சேர்த்தான். யார் சோதிப்பது, மீறினால் என்ன என்று இரண்டு பேர் புதிய உட்பிரிவு எழுதினார்கள். கழிவறையையும் சேர்த்தாள் இன்னொருத்தி.

கடைசி பெஞ்சுக்காரி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

'கடைக்கு ஆள் வந்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கலாம்.'

அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். திங்கட்கிழமைகளில் அவள் காலை எங்கே வைத்திருக்கிறாள் என்று இப்போது நான் பார்ப்பதில்லை.